எட்டாம் அத்தியாயம்: சேர்வதற்கு முன் ஓராண்டு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில், எல்ல முதல் பதுளை வரையுள்ள தோட்டப்புறத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவராகிறார். "சேர், புள்ள இன்னொருக்கா எழுதட்டுங்களா, இல்ல நர்ஸிங்குக்குப் போடச் சொல்லுவோங்களா?" என்று, வேலைக்காட்டிலிருந்து நேராக வந்து நிற்கும் தகப்பனார் கேட்கும் அக்கேள்வி, கேட்பதற்குச் சிறியதாயினும், ஒரு குடும்பத்தின் பல ஆண்டுக் காலத்து வரவு செலவையும், ஒரு பிள்ளையின் வாழ்நாள் உத்தியோகத்தையும், அப்பிள்ளைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் தம்பி தங்கையரின் படிப்பையும் ஒருங்கே தொடுவது. முந்திய அத்தியாயங்களில் வைத்தியருக்குத் துணை நிற்கும் தொழில்கள் எவை என்றும், அவற்றுக்குரிய கல்வி எத்தகையது என்றும் பார்த்தோம். அவற்றுள் ஒன்றில் இப்போதே சேர்வதா, ஓராண்டு பொறுத்துச் சேர்வதா என்பதை நிதானிக்கும் வழி இங்கே ஆராயப்படுகிறது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓராண்டுக் காலத்துக்குள் நீங்கக்கூடிய குறை ஒன்றை, இன்னது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக் காட்ட முடிந்த மாணவர் காத்திருக்கலாம். அவ்வாறு எழுத முடியாமல், மனம் ஆறவில்லை என்பதனாலோ, டாக்டர் என்னும் பட்டத்தின் மீதுள்ள ஆசை விடவில்லை என்பதனாலோ மட்டும் காத்திருக்க எண்ணுபவர், கிடைத்திருக்கும் இடத்தில் சேர்ந்துவிடுவதே மேல். இது கடுமையாகத் தோன்றலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இதே கேள்வியைக் கேட்டால் இத்தனை கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன். தோட்டத்துப் பிள்ளையின் ஓராண்டுக்கு வேறு ஒருவர் மலைச்சரிவில் நின்று விலை கொடுக்கிறார் என்பதால் இவ்வாறு சொல்ல நேர்கிறது.

இக்காலத்து மாணவர் கைபேசியில் கேட்கும் ஆலோசனைகளுள் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருவதால், அவ்வாலோசனை எந்த மண்ணுக்கு உரியது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுதல் அவசியம். ஃபிசிஷன் அசிஸ்டன்ட் எனப்படும் தொழில், அதாவது வைத்தியரின் மேற்பார்வையில் நோயாளரைப் பரிசோதித்து, நோயை நிர்ணயித்து, மருந்தும் எழுதும் துணை வைத்தியத் தொழில், 1965ஆம் ஆண்டில் வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் என்னும் பேராசிரியரால் தொடங்கப்பட்டது. கடற்படையில் நோயுற்றோரையும் காயம்பட்டோரையும் கவனித்துப் பழகி, ஆனால் அப்பழக்கத்துக்குரிய பட்டமோ பதவியோ இல்லாதிருந்த நால்வரே அதன் முதல் மாணவர்; அவர்களுள் மூவர் 1967இல் தேறி வெளிவந்தனர். அனுபவம் முன்னும் கல்வி பின்னுமாகப் பிறந்த தொழிலாகையால், இன்றும் அந்நாட்டுப் பள்ளிகளுள் பல, பட்டப்படிப்பை முடித்துவிட்டு நோயாளருடன் நேரில் பணிபுரிந்த மணிக்கணக்கை, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேலாக, விண்ணப்பத்தில் காட்டுமாறு கேட்கின்றன. ஆகவே அங்கே ஓராண்டு தங்கி ஆம்புலன்ஸிலோ முதியோர் இல்லத்திலோ பணிபுரியும் இளைஞர், அவ்வாண்டைக் கொடுத்து அனுமதிக்கான யோக்கியதையை விலைக்கு வாங்குகிறார். அவருக்கு "ஓராண்டு பொறு" என்று சொல்வது நல்ல ஆலோசனை.

தமிழ்நாட்டில் இக்கல்வியின் ஒழுங்கு வேறு. சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் டாக்டர் கே. எம். செரியனின் முயற்சியால் 1992இல் இந்தியாவின் முதலாவது ஃபிசிஷன் அசிஸ்டன்ட் கல்வி தொடங்கியது. இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளில் அது பி.எஸ்சி. பட்டமாகக் கற்பிக்கப்படுகிறது, பிளஸ் டூ முடித்தவர் மறு மாதமே அதில் சேரலாம், அனுபவம் எவரும் கேட்பதில்லை. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஊவாத் தோட்டங்களிலிருந்து இந்தியா சென்று, நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய குடும்பங்களுடன் இன்னும் உறவு விட்டுப்போகாதிருக்கும் நம் மாணவர், அங்குள்ள மாமன் மகளோ சித்தப்பா மகனோ இப்படிப்பில் சேர்ந்த செய்தியைக் கேட்டு, தாமும் அங்கே போகலாமா என்று யோசிப்பது இயல்பே. போகலாம்; ஆனால் போகுமுன் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். இலங்கை அரசாங்கத்தின் சுகாதார சேவையில் அப்பெயருடைய பதவி இல்லை. அப்பட்டத்துடன் திரும்பி வருபவர் பதுளை வைத்தியசாலையில் அந்த உத்தியோகத்தைத் தேட முடியாது. இந்தியாவிலோ வேறு நாட்டிலோ தங்கி உழைக்கச் சம்மதமுள்ளவருக்கே அவ்வழி பொருந்தும்.

இதற்கு நிகரான தொழில் நம் நாட்டில் ஒருகாலத்தில் இருந்தது, அதுவும் மலைநாட்டுக்கு மிக நெருக்கமாக இருந்தது என்பதைத் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் இளைஞரைத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் படிப்பித்துக் கிராமங்களுக்கு அனுப்பியது அதன் தொடக்கங்களுள் ஒன்று. மலைநாட்டிலோ, தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்யும்பொருட்டு 1872இலும் 1912இலும் கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. அவற்றின் நிழலில் வளர்ந்த டிஸ்பென்சரிகளில், வெள்ளைக் கோட்டுடன் அமர்ந்து, காய்ச்சலுக்கு மருந்து கலந்து கொடுத்து, காயத்துக்குக் கட்டுப்போட்டு, பிரசவ வலி கண்டவளை எந்நேரத்தில் லொறியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் தீர்மானித்த டிஸ்பென்சர் ஐயாவே பல தலைமுறைகளுக்குத் தோட்டத்தின் முதல் வைத்தியராக விளங்கினார். அரசாங்கத்திலோ, முன்பு அப்போதிக்கரி என்றும் பின்பு உதவி வைத்தியர் என்றும் அழைக்கப்பட்டோர், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பயிற்சி பெற்றுச் சிறு வைத்தியசாலைகளையும் மருந்தகங்களையும் நடத்தி வந்தனர். அப்பயிற்சிக்குப் புதியவரைச் சேர்த்தல் 1990களில் நின்றுபோயிற்று. அவ்வாசல் மூடியபின் அதற்கு ஈடான வேறொன்று திறக்கப்படாதது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். வைத்தியர் வராத மலைகளில் அதன் நஷ்டத்தை உணர்கிறவர்கள் கொழுந்து எடுக்கும் பெண்களே.

இப்போது எஞ்சியுள்ளவை: பேராதனை, யாழ்ப்பாணம், றுகுணு முதலிய பல்கலைக்கழகங்களில் தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் முதலான பட்டப்படிப்புகள், சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரிச் சேர்க்கும் தாதியர் பயிற்சி, மருந்தாளர் பயிற்சி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சிகள். தாதியர் பயிற்சிக் கல்லூரி பதுளையிலேயே உண்டு. இவற்றுள் எதற்கு விண்ணப்பித்தாலும், தெரிவு பெரும்பாலும் உயர்தரப் பெறுபேற்றின் மீதே நிற்கும். நீங்கள் ஓராண்டு டிஸ்பென்சரியில் உட்கார்ந்து கட்டுப் போடப் பழகியிருந்தாலும், அதற்காகத் தெரிவுப் பட்டியலில் உங்கள் பெயர் ஓர் இடம்கூட மேலே ஏறப்போவதில்லை. அமெரிக்க ஆலோசனை இங்கே பயன்படாதது இதனால்தான்: அங்கே அனுபவத்தால் திறக்கும் கதவு இங்கே புள்ளியால் திறக்கிறது.

ஆகையால் அப்புள்ளியின் இயல்பைச் சற்று விரிவாக அறிந்துகொள்ள வேண்டும். 2001 முதல் நடைமுறையிலுள்ள இசட் புள்ளி, நீங்கள் பெற்ற மதிப்பெண்ணை மாத்திரம் காட்டுவதன்று. அவ்வாண்டில் அப்பாடத்தை எழுதியவர்களின் சராசரியிலிருந்து நீங்கள் எத்தனை தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறீர்கள் என்பதை, அவர்களது புள்ளிகளின் பரம்பலைக் கொண்டு அளந்து சொல்வது. மூன்று பாடங்களின் அவ்வளவைகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் உங்கள் இசட் புள்ளி வரும். இதன் விளைவு யாதெனில், அடுத்த ஆண்டு நீங்கள் முன்னிலும் அதிகமாகப் படித்திருந்தாலும், அவ்வாண்டில் உங்களோடு எழுதுவோரும் அதிகமாகப் படித்திருந்தால் உங்கள் நிலை மாறாதிருக்கலாம். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை தோற்றுவோர் எல்லாரும் உங்களைப் போலவே ஓராண்டு கூடுதலாகப் படித்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளே கணக்கில் கொள்ளப்படும். ஆகவே ஒவ்வொரு தடவையும் செலவழிந்துபோகும் பொருளே.

நமக்குச் சாதகமான ஓர் அம்சமும் உண்டு. பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் தீவளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டத் திறமைக்கும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அப்பதினாறில் பதுளையும் மொனராகலையும் அடங்கும். எனவே, இரண்டாம் தடவைக்காகக் கொழும்பிலோ கண்டியிலோ ஒரு பெரிய பாடசாலையில் சேர்ந்து படிக்கலாம் என்று எண்ணுவோர், மாவட்டம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் படித்த பின்பே பெட்டியைக் கட்ட வேண்டும். நல்ல டியூஷன் கிடைத்து நல்ல மாவட்டத்தை இழப்பது லாபமாகாது.

இனி, நீங்கக்கூடிய குறைக்கும் நீங்காத குறைக்கும் உள்ள பேதத்தைப் பார்ப்போம். ஊவாத் தோட்டப் பாடசாலைகளில் தமிழ் மொழி மூலம் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர் போதாமை நெடுங்காலக் குறையாக இருந்துவருவது. பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாமல் ஓராண்டைக் கழித்த மாணவி, உயிரியலில் ஏயும் இரசாயனவியலில் பீயும் எடுத்து, பௌதிகவியலில் மட்டும் எஸ் எடுத்திருப்பாளாயின், அவளுடைய குறைக்குக் காரணம் தெளிவாக இருக்கிறது; பண்டாரவளையிலோ பதுளையிலோ வார இறுதியில் நல்ல ஆசிரியரிடம் அவ்வொரு பாடத்தைப் படித்தால் நீங்குவதற்கு இடமும் இருக்கிறது. அவள் காத்திருக்கலாம், காத்திருக்க வேண்டும் என்றே சொல்வேன். பரீட்சை நேரத்தில் மண்சரிவுக்கு அஞ்சி லயத்தைவிட்டு வெளியேறிப் பாடசாலை மண்டபத்தில் படுத்திருந்து எழுதியவன், டெங்குக் காய்ச்சலோடு எழுதியவன், தாயின் மரணத்துக்குப் பின் எழுதியவன், இவர்களுடைய காரணங்களும் ஓராண்டில் விலகக்கூடியவையே. மாறாக, மூன்று பாடங்களுக்கும் நல்ல ஆசிரியர் கிடைத்து, கடந்த கால வினாத்தாள்களை எல்லாம் செய்து பார்த்து, உடலும் மனமும் சுகமாக இருந்து எழுதி, மூன்றிலும் சீ எடுத்த மாணவனிடம், அடுத்த தடவை எதனால் வித்தியாசப்படும் என்று கேட்டால், "இன்னும் நல்லாப் படிப்பேன்" என்பதே விடையாக வரும். அவ்விடை நேர்மையானது, ஆயினும் காரணம் ஆகாது. இரண்டாம் தடவையிலும் முதல் தடவைக்குச் சமமான புள்ளியையே பெற்றவருக்கு, மூன்றாம் தடவையைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவே: கிடைத்த பயிற்சியில் சேருங்கள், விரும்பினால் அங்கிருந்துகொண்டே யோசியுங்கள்.

பாடத்திட்டம் மாறும் ஆண்டு ஒன்று குறுக்கிட்டால் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2019இல் புதிய பாடத்திட்டமும் பழைய பாடத்திட்டமும் ஒரே ஆண்டில் பரீட்சிக்கப்பட்டதை ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். தனியார் பரீட்சார்த்தியாக மீண்டும் தோற்றுபவர், தாம் படித்த பாடத்திட்டம் அவ்வாண்டில் செல்லுபடியாகுமா என்பதைப் பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவைப் பற்றிப் பேசாமல் இவ்விஷயத்தைப் பேசுவது பொய்யாகிவிடும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் குறித்த கிலோ நிரம்பினால்தான், நிரம்பாத நாளில் அரைப்பேர். அச்சம்பளத்திலிருந்து ஒரு பாடத்துக்கான மாதக் கட்டணத்தையும், எல்லவிலிருந்து பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய்வரும் பஸ் கட்டணத்தையும், அச்சிட்ட குறிப்புகளின் விலையையும் கழித்துப் பாருங்கள். கழித்த பின் எத்தனை நாட்கொழுந்து ஒரு பாடத்துக்குப் போகிறது என்பது தெரியும். இக்கணக்கைப் பெற்றோர் போடுமுன் பிள்ளை தானே உட்கார்ந்து போட வேண்டும் என்பது என் விருப்பம். தாதியர் பயிற்சியில் சேர்ந்தவருக்குப் பயிற்சிக் காலத்திலேயே மாதக் கொடுப்பனவு உண்டு. பல்கலைக்கழகம் புகுந்தவருக்கு, 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் கிடைக்க இடமுண்டு. காத்திருப்பவருக்கோ இவை எதுவும் இல்லை. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று 1947இல் இந்தியப் பிரதிநிதியாக இருந்த எம். எஸ். ஆனே காலத்தில் நிறுவப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் இன்றும் புலமைப்பரிசில் வழங்கி வருகிறது. அதற்கு யார் யார் தகுதியுடையவர் என்பதை வகுப்பாசிரியரிடம் விசாரித்து, உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இவ்வாண்டின் அபாயம் இன்னும் அதிகம். பையன் ஓராண்டு வீட்டிலிருந்தால், படிக்கிறான் என்பார்கள். பெண் ஓராண்டு வீட்டிலிருந்தால் சமையலும் தண்ணீரும் தம்பி தங்கையரும் அவள் பொறுப்பில் வந்துவிடும். ஆறு மாதம் கழிந்தபின் ஒரு வரன் வரும், அல்லது கொழும்பில் ஒரு வீட்டிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை இருப்பதாக ஒரு செய்தி வரும். பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வறுமை அவர்களை அவ்வாறு எண்ணச் செய்கிறது. ஆனால் தாதியர் பயிற்சிக்குத் தெரிவுக் கடிதம் கையில் வந்திருக்கும் மாணவி, வைத்திய பீடத்தை எண்ணி அதை விட்டுக்கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டால், பத்தில் ஒன்பது முறை, கடிதத்தை விடாதே அம்மா என்றுதான் சொல்வேன். கடிதம் கையிலிருப்பவளை வீட்டார் வேறு கண்ணோடு பார்க்கிறார்கள். சம்பளம் வரத் தொடங்கியபின் அவளுடைய சொல்லுக்கும் வீட்டில் இடம் கிடைக்கிறது.

எல்லவில் வாழ்பவருக்கு வேறோர் ஆசையும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தையும், 1924இல் பதுளை வரை நீண்ட புகையிரதப் பாதையையும் பார்க்க உலகெங்குமிருந்து வரும் உல்லாசப் பயணிகளால், நம் தகப்பன்மார் காலத்தில் சில கடைகளோடு அடங்கியிருந்த எல்லச் சந்தி இன்று விடுதிகளாலும் உணவகங்களாலும் நிறைந்துவிட்டது. பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் இளைஞனுக்கு அங்கே வேலை உடனே கிடைக்கும். கையில் காசும் டிப்ஸும் புழங்கும். ஆங்கிலமும் ஓரளவு வாய்க்கு வரும். இவ்வேலையை நான் இழிவாக எண்ணவில்லை. மூன்று மாதம் அதில் உழைத்துத் தன் டியூஷன் கட்டணத்தைத் தானே சேர்த்துக்கொண்ட பிள்ளைகள் பாராட்டுக்குரியவர்கள். ஆயினும், சீசன் முடிந்ததும் விட்டுவிடுவேன் என்று போனவர், அடுத்த சீசனுக்கும் அதற்கடுத்ததற்கும் அங்கேயே நின்றுவிடுவது எல்லவில் சாதாரணமாக நடப்பது. கவ்வாத்து வெட்டிய மலை மாதக்கணக்கில் கொழுந்து தராது. ஆயினும் அது எந்தத் தேதியில் வெட்டப்பட்டது, எந்த மாதம் மீண்டும் கொழுந்துக்கு வரும் என்பது கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இருக்கும், அதனால் எவரும் அம்மலையைக் கைவிட்டதாக எண்ணுவதில்லை. ஓராண்டு பொறுக்கத் தீர்மானிப்பவரும் அவ்வாறே, எந்தத் தேதியில் வேலையை விடுவது, எந்த மாதத்திலிருந்து முழுநேரம் படிப்பது, எந்த விளைவு வந்தால் எந்தப் பயிற்சியில் சேர்வது என்பவற்றை எழுதி, தகப்பனாரும் தாயாரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

இங்கே மாணவர் பலர் கவனிக்காத ஒரு சௌகரியத்தைச் சொல்ல வேண்டும். பரீட்சை முடிந்து பெறுபேறு வருவதற்குச் சில மாதங்களும், பெறுபேறு வந்து வெட்டுப்புள்ளி வெளியாகிப் பல்கலைக்கழகத்தில் காலடி வைப்பதற்கு இன்னும் பல மாதங்களும் கழிகின்றன. பயிற்சிக் கல்லூரிகளின் அழைப்புக் கடிதமும் அவ்வாறே தாமதித்து வருவதுண்டு. அதாவது, நீங்கள் கேட்டாலும் கேளாவிட்டாலும் ஓராண்டுக்குச் சமமான அவகாசத்தை இந்நாட்டு முறையே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது. வேண்டுமென்று எடுக்கும் ஓராண்டைப் பற்றிக் கவலைப்படுமுன், தானாக வந்த அவ்வாண்டில் என்ன செய்கிறோம் என்று பார்ப்பதே புத்தி.

அவ்வவகாசத்தில் செய்யத்தக்கவற்றுள் முதன்மையானது சிங்களம் படிப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதுளைப் பெரியாஸ்பத்திரியின் விடுதிகளில், இரவில் நெஞ்சுவலியோடு கொண்டுவரப்பட்ட தோட்டத்துப் பாட்டி, எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்பதைச் சொல்லத் தெரியாமல், பக்கத்துக் கட்டில்காரியின் துணையால் அரைகுறையாக விளங்கவைக்கும் காட்சியை நம்மில் பார்க்காதவர் இல்லை. தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் ஒரு தாதி அவ்விடத்தில் நின்றால் நோயின் சரித்திரமே தெளிவாகிவிடும். பிழையான மருந்தைத் தடுக்கவும் அது உதவும். அரச உத்தியோகத்தில் சேர்ந்தவர், குறித்த காலத்துக்குள் இரண்டாம் அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதியும் இருப்பதால், இப்போது படிப்பது பின்னால் வரும் சிரமத்தையும் குறைக்கும். பேச்சுச் சிங்களம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காதில் விழுந்ததுதான். எழுதவும் வாசிக்கவும் பழகுவதற்கு ஒரு நல்ல ஆசிரியரும் அன்றாடம் ஒரு மணி நேரமும் போதும். ஆங்கிலம் அதற்கு அடுத்தது. மருந்தின் பெயரும் நோயின் பெயரும் பாடநூலும் ஆங்கிலத்தில் இருப்பதால் அதைத் தவிர்க்கவும் முடியாது.

அடுத்தது, இத்தொழில் தமக்கு ஏற்குமா என்று பார்த்துக்கொள்வது. இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வீட்டிலோ பக்கத்துக் காம்பராவிலோ ஒருவர் வாட்டில் கிடக்கும்போது, துணைக்கு நிற்கும் பொறுப்பை விரும்பி ஏற்றுக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு மூன்றாம் முறையாக எழுப்பி வேலை செய்யச் சொன்னால் முகம் கோணாமல் செய்ய முடிகிறதா, வாந்தியையும் சீழையும் பார்த்தபின் உணவு இறங்குகிறதா, இறந்தவரின் பிள்ளைகள் அழும்போது அவர்கள் அருகில் நிற்க முடிகிறதா என்பவற்றுக்கு அங்கே விடை கிடைக்கும். பாடத்தில் ஏ எடுத்தும் இதைத் தாங்காதவர் உண்டு. அவர்களுக்கு ஆய்வுகூடமும் மருந்தகமும் நல்ல இடங்கள். தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் உதவிக்கு நிற்பது, கிளினிக் நாளில் குழந்தைகளின் நிறை பார்க்கும்போது குடும்பநல உத்தியோகத்தருக்கு அட்டைகளை அடுக்கிக் கொடுப்பது, செஞ்சிலுவைச் சங்கமோ சென் ஜோன் அம்புலன்ஸோ நடத்தும் முதலுதவிப் பயிற்சியில் சேர்வது, பண்டாரவளையில் ஒரு பாமசியில் உதவியாளராக நின்று மருந்துகளின் பெயரையும் அளவையும் கண்ணால் பழகுவது, இவை யாவும் உபயோகமானவை. தெரிவுப் பட்டியலில் இவற்றுக்குப் புள்ளி இல்லை என்று முன்பே சொன்னேன். சேர்ந்தபின் முதலாண்டில் இவற்றின் பலன் தெரியும். ஒன்றை மாத்திரம் செய்யாதீர்கள்: பயிற்சியும் பதிவும் இல்லாமல் ஊசி போடுவதோ, தானாகவே மருந்து கொடுப்பதோ கூடாது. லயத்தில் நாலு பேர் "நீதான் படிச்ச புள்ளையாச்சே, பாத்துச் சொல்லு" என்பார்கள். அவ்வேளையில் அவர்களை டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிச் செல்வதே உங்கள் கடமை. அவசரமானால் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016இல் தொடங்கிய அச்சேவை இப்போது நாடு முழுவதும் உண்டு.

மீண்டும் எழுதத் தீர்மானித்தவரும் விண்ணப்பம் போடுவதை நிறுத்தக்கூடாது. தற்போதுள்ள பெறுபேற்றைக் கொண்டே பல்கலைக்கழகத்துக்கும், வர்த்தமானியில் வரும் தாதியர் பயிற்சி முதலிய எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிட்டுப் படிக்க உட்காருங்கள். எவரும் விண்ணப்பிக்காதவருக்குக் கடிதம் அனுப்புவதில்லை; கடிதம் வந்தபின் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் சுதந்திரம் உங்களிடமே இருக்கும். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டவர், பின்னால் எழுதும் பரீட்சையைக் கொண்டு வேறொரு கற்கை நெறிக்கு மாறுவதைக் கட்டுப்படுத்தும் விதிகள் மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் உள்ளன. பதிவுப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் அப்பகுதியைப் பெற்றோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். வர்த்தமானி அறிவித்தலில் வயதெல்லை, பாடத் தேவை, முடிவுத் தேதி என்னும் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அறிவித்தல் வெளிவரும் வாரமும் முடிவுத் தேதியும் சில சமயம் மிக அண்மையில் இருக்கும். தோட்டத்துக்குத் தபால் வந்து சேர நாளாகும். ஆகையால் வெள்ளிக்கிழமைதோறும் வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

கடைசியாக, இவ்வாண்டில் தவறாமல் முடிக்க வேண்டிய ஒரு வேலை பத்திரங்களைச் சரிபார்த்தல். தோட்டப்புறத்துப் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களில், தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதியபோது எழுத்து மாறியிருப்பதும், தகப்பனாரின் பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் மற்றோரிடத்தில் முதலெழுத்தாகவும் இருப்பதும், பாடசாலைப் பதிவேட்டிலும் தேசிய அடையாள அட்டையிலும் பிறந்த தேதி வேறுபடுவதும் வழக்கமாகக் காணப்படுகின்றன. தெரிவு கிடைத்து நேர்முகத்துக்குப் போன நாளில் இவ்வேறுபாடு வெளிப்பட்டால் திருத்துவதற்கு அவகாசம் இராது. ஆகையால் பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரணதர உயர்தரப் பெறுபேற்றுத் தாள்கள் ஆகிய அனைத்தையும் மேசையில் பரப்பி, பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு கண்டால் உடனே எல்ல பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவுக்குச் சென்று திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தாயார் தகப்பனாரின் திருமணப் பதிவும் அதற்குத் தேவைப்படலாம். அது இல்லாத குடும்பங்கள் தோட்டங்களில் உண்டு; அவ்வாறாயின் கிராம உத்தியோகத்தரிடம் முதலில் பேசி, என்ன பத்திரம் ஈடாகக் கொள்ளப்படும் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அதன்பின் செயலகத்துக்குப் போவது அலைச்சலைக் குறைக்கும்.